"வலிதான் நின்றுவிட்டதே, அப்புறம் எதற்கு ஆபரேஷன்?" கணவரின் பித்தப்பைக் கல் பற்றி ஒரு கேள்வி

செம்பருத்தி எழுதியது:

என் கணவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் சர்ஜன். இவரோ, "இப்போது வலியே இல்லையே, எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும்?" என்று பிடிவாதமாக இருக்கிறார். வீட்டில் தினமும் இந்தப் பேச்சுதான். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இவருக்கு வயது 47. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை கிடையாது. ஒரு வருடத்துக்கு மேலாகவே அவ்வப்போது மேல்வயிற்றில் வலி. பெரும்பாலும் இரவில்தான் வரும். தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு அறைக்குள்ளேயே நடப்பார். உட்கார்ந்தாலும் படுத்தாலும் வலி மாறாது. விட்டு விட்டும் வலிக்காது. ஏறினால் ஏறினபடியே நிற்கும். சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும். சில நாள் வாந்தியும் எடுப்பார். முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு இடத்தைக் காட்டி அழுத்தித் தேய்க்கச் சொல்வார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, வந்த மாதிரியே போய்விடும். காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

முதலில் பார்த்த டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை கொடுத்தார். இடையில் சில வாரம் வலி வராது. அப்போதெல்லாம் மாத்திரை கேட்கிறது என்பார். திரும்பவும் ஒரு ராத்திரி வரும். ஒரு தடவை மாரடைப்போ என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் எண்டோஸ்கோப்பி. இரைப்பையில் லேசான அழற்சி என்று வந்தது; அதே மாத்திரையை இரண்டு வேளை ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடம், இரவு என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டும் வந்ததா. ஒரு பக்கம் நிறைவதற்குள்ளேயே விஷயம் கண்ணில் பட்டது. எண்ணெயும் கொழுப்பும் தூக்கலாக, வயிறு முட்டச் சாப்பிட்ட இரவுகளில்தான் வலி. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேறொரு டாக்டரிடம் போனபோது அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். அவர் முழுவதையும் படித்துவிட்டு, "இவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் எடுக்கச் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் உள்ளது: பித்தப்பையில் பல கற்கள், பெரியது 11 மிமீ. பித்தப்பைச் சுவர் 3 மிமீ. பொதுப் பித்தநாளம் (பித்தம் குடலுக்கு இறங்கும் குழாய்) 4 மிமீ. கணையம் இயல்பு.

கொழுப்பைக் குறைத்ததிலிருந்து வலி வரவில்லை, அதுதான் இவருக்குத் தைரியம். இன்னொன்றும் இருக்கிறது. இவருடைய அம்மாவுக்குப் பல வருடம் முன்பு இதே ஆபரேஷன் நடந்தது. விலா எலும்புக்குக் கீழே நீளமாகத் தழும்பு. அம்மா எழுந்து நடமாட எவ்வளவு நாள் ஆனது என்பதைச் சின்ன வயதில் பார்த்தவர். அந்தப் பயத்தை வெளியே சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும்.

காத்திருந்து பார்க்கலாமா? கல்லை மட்டும் எடுக்கவோ மாத்திரையில் கரைக்கவோ வழி கிடையாதா? பித்தப்பை இல்லாமல் சாப்பாடு எப்படிச் செரிக்கும்?

---

தாழ்வாரம் எழுதியது:

சகோதரி, முதலில் அந்த நோட்டுக்காக உங்களைப் பாராட்ட வேண்டும். என் மனைவிக்கும் இதே நோய்தான். ஆனால் கல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்த விதம் வேறு. உங்கள் கணவர் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

அவளுக்கு வலி அதிகமும் முதுகில்தான், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில். அதனால் தசைப்பிடிப்பு என்றார்கள். பிசியோதெரபி, பெல்ட், களிம்பு. வயிற்றில் வலித்தபோது கேஸ். இந்த இரண்டும் ஒரே நோய் என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் தொடங்கிய வலி வழக்கம்போல அடங்கவில்லை. விடியும்வரை நின்றது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். காலையில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. சிறுநீர் அடர் பழுப்பாகப் போகிறது என்றாள். உடனே கிளம்பிவிட்டோம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொன்னார். பாதியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது, முகம் சுருங்கிவிட்டது. மூச்சை இழுக்கும்போது கல்லீரல் கீழே இறங்கும், அதோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையும் இறங்கி விரலில் இடிக்கும். பித்தப்பை வீங்கியிருந்தால் அந்த இடத்தில் மூச்சு தானாக நின்றுவிடும். இதற்கு மர்ஃபி அறிகுறி என்று பெயர். எந்த இயந்திரமும் வேண்டாத பரிசோதனை. அதுவரை பார்த்த ஒருவர்கூட அந்த இடத்தில் கை வைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ரத்தத்தில் பிலிருபின், அதாவது கண்ணை மஞ்சளாக்கும் பித்த நிறமி, ஏறியிருந்தது. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருந்தது. பொதுப் பித்தநாளம் 10 மிமீ. உங்கள் கணவருக்கு 4 என்று போட்டிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி; 6 வரை பொதுவாக இயல்பு என்பார்கள். இவளுக்குப் பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி நாளத்தின் கடைசியில் போய் அடைத்திருந்தது. அந்த இடத்தைக் குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடுவதால் சாதாரண ஸ்கேனில் கல் தெரியவில்லை. எம்ஆர்சிபி, அதாவது பித்தநாளத்தைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன், எடுத்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஈஆர்சிபி: வாய் வழியாகக் குழாயைச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் வந்து திறக்கும் வாயைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, பலூன் வைத்துக் கல்லை இழுத்து எடுத்தார்கள். அந்த வாயில்தான் கணைய நாளமும் சேர்கிறது. கல் அங்கே நின்றால் கணையமும் வீங்கலாம், அது இதைவிட மோசமான நோய் என்று டாக்டர் சொன்னபோதுதான் எதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம் என்று புரிந்தது.

காய்ச்சல் இறங்கிய பிறகு, அதே அட்மிஷனில் பித்தப்பையை எடுத்தார்கள். லேப்ராஸ்கோப்பியில்தான், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு. ஆனால் வீக்கத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். திறக்க வேண்டி வரவில்லை. ஆனால் சொன்ன நேரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முடிந்து வந்தபோது பக்கவாட்டில், உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய்.

நோயும் ஒன்று, ஆபரேஷனும் ஒன்று. ஆனால் வீக்கம் இல்லாத, காய்ச்சல் இல்லாத, நாளத்தில் அடைப்பு இல்லாத ஒரு நாளை நீங்களே தேர்ந்தெடுத்து, விரும்பிய சர்ஜனிடம் போகலாம். எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது வலி இல்லை என்பதை ஆபரேஷன் வேண்டாம் என்பதற்குக் காரணமாகச் சொல்கிறார் உங்கள் கணவர். ஆபரேஷனை இப்போதே செய்துகொள்ள அதுதான் காரணம் என்று நான் சொல்வேன்.

காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகக் கல் தெரிந்து, ஒரு நாளும் வலியே வந்திராத ஆட்கள் நிறைய உண்டு. அவர்களைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடுவார்கள். வலி வந்தவர் கதை வேறு. ஒரு முறை வந்தவருக்குத் திரும்பவும் வரவே வாய்ப்பு அதிகம், சிக்கலாக மாறவும் வாய்ப்பு அதிகம். கொழுப்பைக் குறைத்ததால் பித்தப்பை பலமாகச் சுருங்கும் வேலை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

கரைக்கும் மாத்திரை உண்டு, அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று பெயர். சின்னதாக, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கல்லாக இருந்தால் மட்டும்தான் கேட்கும். அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம்வரை. நிறுத்தினால் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும். கல்லை மட்டும் எடுப்பதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள். கல் உருவாகிற இடமே அந்தப் பைதான், அதை விட்டுவைத்தால் பயனில்லை என்று யோசித்து, 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற சர்ஜன்தான் முதன்முதலாகப் பையையே எடுத்தார். இன்றுவரை அந்த நியாயம் மாறவில்லை.

---

வேப்பங்கொழுந்து எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து இரவில் குடித்தால் காலையில் கல் வெளியே வந்துவிடும். என் பெரியம்மாவுக்குப் பச்சைப் பச்சையாக வந்தது, நானே பார்த்தேன்.

---

வெள்ளைச்சீருடை எழுதியது:

வேப்பங்கொழுந்து, உங்கள் பெரியம்மா நன்றாக இருக்கட்டும். ஆனால் வந்தது கல் இல்லை. எண்ணெயும் சாறும் குடலுக்குள் சேர்ந்து சோப்பு மாதிரி கட்டியாகிவிடும். அப்படி வந்தவற்றைச் சோதித்துப் பார்த்து 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்; பித்தக் கல்லில் பெரும்பாலும் இருக்கும் கொலஸ்ட்ராலே அதில் இல்லை. நிஜப் பித்தக் கல் 11 மிமீ இருந்தால் அந்த நாளத்தின் வழியாகச் சுலபமாக வெளியே வராது. அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை பலமாகச் சுருங்கும், கல் பித்தப்பையின் கழுத்தில் போய் மாட்டிக்கொள்ள அதுவே போதும். தயவுசெய்து கல் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லாதீர்கள்.

செம்பருத்தி அக்கா, நான் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை பற்றி ஒன்றும் இல்லை. எல்எஃப்டி பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நாளத்தில் கல் இருக்கலாம் என்று சந்தேகம் வருவது பெரும்பாலும் அதிலிருந்துதான். அதில் கோளாறு இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே எம்ஆர்சிபி எடுத்துவிடுவார்கள்.

அண்ணாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவருடைய அம்மா காலத்தில் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள், வேறு வழியே கிடையாது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும் முறை 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே செய்த பிறகுதான் வந்தது, எல்லா இடத்துக்கும் பரவ இன்னும் சில வருடம் ஆனது. இப்போது வழக்கமாக நாலு சின்னத் துளைதான். பெரியது தொப்புளில், பையை அநேகமாக அந்த வழியாகத்தான் எடுப்பார்கள். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஊதி இடம் பண்ணிக்கொள்வார்கள். சிக்கல் இல்லாதவர்கள் அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முடிந்த பிறகு தோள்பட்டை வலிக்கும். நோயாளிகள் வயிற்றை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு பயப்படுவார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது அது. எழுந்து நடந்தால் நல்லது, ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பித்தநாளத்தில் காயம் படுவது ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. அதனால்தான் நல்ல சர்ஜன், பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு, ஒரு நாளம் ஒரு ரத்தக்குழாய், என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எதையும் வெட்ட மாட்டார். "தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். திறந்து செய்வேன் என்றோ, பாதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவேன் என்றோ நிதானமாகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். திறந்து செய்வது தோல்வி இல்லை, நோயாளிக்குப் பாதுகாப்பு.

பிரஷர் மாத்திரையை அன்று காலை போட வேண்டுமா வேண்டாமா என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தேதிக்கு முன்பு வலி வந்து ஐந்தாறு மணி நேரமாகியும் போகாவிட்டாலும், காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும், கண் மஞ்சளானாலும், மலம் வெளுத்துப் போனாலும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த பிறகும் வலி நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். ஒரு நாள் திடீரென்று கூடினால் உடனே போன் பண்ணுங்கள்.

---

கரிசல் எழுதியது:

எனக்கே பித்தப்பை எடுத்து வருடங்கள் ஆகின்றன. செரிமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பித்தத்தைத் தயாரிப்பது கல்லீரல், தினமும் அரை லிட்டருக்கு மேல். பித்தப்பையில் நிற்பது 30, 50 மில்லிதான். பை போனாலும் பித்தம் வந்துகொண்டேதான் இருக்கும். சேர்த்து வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாக இறக்குவதற்குப் பதிலாக, கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலில் இறங்கும். எனக்கு ஆரம்பத்தில் சாப்பிட்டு எழுந்தவுடன் வயிறு இளகிப் போனது. வெளியே போகவே தயக்கமாக இருந்தது. ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட்டதில் படிப்படியாகச் சரியானது. எல்லாருக்கும் வராது, வந்தவர்களுக்கும் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் என்ற மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்கலாம். சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இப்போது நான் எல்லாமே சாப்பிடுகிறேன்.

---

செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாழ்வாரம் அண்ணா எழுதியதை இவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நாளம் எனக்கு எத்தனை என்று போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். மறுநாள் அவரே சர்ஜனுக்குப் போன் பண்ணினார். எல்எஃப்டி பார்த்தார்கள், எல்லாம் இயல்பு. தேதி கொடுத்திருக்கிறார்கள்.

தங்கச்சி சொன்ன கேள்வியைச் சர்ஜனிடம் நான்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தாளில் படம் வரைந்து, எது நாளம், எது ரத்தக்குழாய், எங்கே கிளிப் போடுவார் என்று காட்டினார். தெளிவாகத் தெரியாவிட்டால் திறந்துவிடுவேன், அதற்குத் தயாராக வாருங்கள் என்றும் சொன்னார். இவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

---

செம்பருத்தி எழுதியது:

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லேப்ராஸ்கோப்பியிலேயே எடுத்துவிட்டார்கள், ட்ரெயின் வைக்கவில்லை. பையைச் சுற்றிக் கொழுப்புத் திசு ஒட்டிக்கொண்டிருந்ததாகவும், பல தடவை வீங்கி ஆறியதற்கு அடையாளம் அது என்றும் சர்ஜன் சொன்னார். இத்தனை நாள் கேஸ் என்று மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு ராத்திரியும் என் கண் முன்னால் வந்து போனது.

கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பு நிறம், உருண்டையாக இல்லை. ஒன்றோடொன்று நெருக்கி உரசியதால் பக்கங்கள் தட்டையாகி, ஓரம் ஓரமாக இருந்தன. 11 மிமீ என்று தாளில் படித்தபோது சின்னதாகத் தோன்றியது. கையில் வைத்துப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை.

தோள் வலி தங்கச்சி சொன்ன மாதிரியே வந்தது. முன்பே தெரிந்ததால் இவர் பயப்படவில்லை, நடந்தே சரி பண்ணிக்கொண்டார். வயிறு கொஞ்சம் இளகித்தான் போகிறது, கரிசல் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறேன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். அதற்கு மட்டும் நான் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. தையல் தானே கரைகிற நூல். எடுத்த பித்தப்பையை பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள், வழக்கமாகச் செய்வதுதானாம். அடுத்த முறை காட்டப் போகும்போது அந்த ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.